ஏழு நிமிடமா, பதினான்கு நிமிடமா? மாலரின் அடாஜியெட்டோவை வைத்து டெம்போவுக்கு ஓர் அறிமுகம்

அந்தப் பழைய பதிவை முதல்முறை கேட்டபோது, கைப்பேசியில் பிளேபேக் வேகத்தைத் தெரியாமல் கூட்டிவிட்டேனோ என்று நிறுத்திப் பார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன். வயலின்கள் குழைந்து குழைந்து வந்தன, சுருதி சரியாக இருந்தது, அவசரம் எங்கேயும் தெரியவில்லை. ஆனால் எனக்கு நன்றாகப் பழகிய அந்த இசை, நான் எதிர்பார்த்ததில் பாதி நேரத்தில் முடிந்துவிட்டது.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் நான்காவது பகுதி அது. அடாஜியெட்டோ என்று பெயர். நான் பல வருடங்களாகக் கேட்டுவந்தது பெர்னார்ட் ஹைட்டிங்க் என்ற நடத்துநர், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவை முன்னின்று வழிநடத்துபவர், 1988இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்த பதிவு. கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடும். அன்று கேட்டது இன்னொரு நடத்துநரான வில்லெம் மெங்கெல்பெர்க் 1926இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தது. 7 நிமிடத்தைச் சற்றே தாண்டும். இரண்டிலும் அதே ஸ்வரங்கள், அதே வாத்தியங்கள். எதுவும் வெட்டப்படவில்லை. ஒன்றைக் கேட்டால் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியது போல இருக்கும். இன்னொன்றைக் கேட்டால் யாரோ யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

மேற்கத்திய இசைக்குப் புதியவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "எல்லாம் எழுதி வைத்த இசைதானே? அப்புறம் ஒரே சிம்பொனிக்கு எதற்கு இத்தனை பதிவுகள்?" இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் இருக்கின்றன. காதுக்கு உடனே பிடிபடும் பதில் டெம்போ. அதை அடாஜியெட்டோ என்ற இந்த ஒரே துண்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

டெம்போ என்றால் என்ன

நம் காலப்பிரமாணம்தான். பாட்டு எந்த நடையில் போகிறது, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது. மேற்கத்திய இசையில் அந்தத் தட்டை பீட் என்பார்கள். சில பீட்டுகள் சேர்ந்தது ஒரு பார். அடாஜியெட்டோவில் ஒரு பாருக்கு நான்கு பீட்.

ஸ்கோர் என்ற எழுதப்பட்ட ஏட்டில் எந்த வாத்தியம் எந்த ஸ்வரத்தை எத்தனை பீட்டுக்குப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் ஒரு பீட் எத்தனை விநாடி என்பதற்கு, பெரும்பாலும் ஓரிரு சொற்கள்தான். அடாஜியோ, ஆண்டான்டே, அலெக்ரோ போன்ற இத்தாலியச் சொற்கள். இவற்றின் வேர்ப்பொருளைப் பார்த்தால் வேகத்தைச் சொல்வதைவிட மனநிலையைத்தான் அதிகம் சொல்கின்றன. அடாஜியோ என்றால் நிதானமாக, சாவகாசமாக. ஆண்டான்டே என்றால் நடந்து போகிற மாதிரி. அலெக்ரோ என்றால் உற்சாகமாக. எவ்வளவு நிதானம், யாருடைய நடை என்பதை இசைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1815இல் மெல்ட்ஸெல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண் போட்டுச் சொல்ல அது வழி செய்தது. பீத்தோவன் ஆர்வத்தோடு எண்களைக் குறித்தார். அவருக்குப் பின் வந்த ரொமான்டிக் காலத்து இசையமைப்பாளர்கள் பலருக்கு அந்தக் கருவி மீது அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. டெம்போவை மெலடியின் போக்கிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், அதைக் கண்டுபிடிப்பதுதான் நடத்துநரின் முதல் வேலை என்று வாக்னர் 1869இல் எழுதினார். அந்த மரபில் வளர்ந்தவர் மாலர். உலகின் ஆகப் பெரிய நடத்துநர்களில் ஒருவராக இருந்தவர், வியன்னா அரசவை ஆப்பெராவைப் பத்து வருடம் கட்டிக்காத்தவர். அடாஜியெட்டோவுக்கு அவர் மெட்ரோனோம் எண் எதுவும் கொடுக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

அடாஜியெட்டோவில் இருப்பது 103 பார்; பாருக்கு நான்கு பீட் என்றால் மொத்தம் சுமார் 412 பீட். அதை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள்.

7 நிமிடத்தில் முடித்தால் நிமிடத்துக்குச் சராசரி 59 பீட், அதாவது விநாடிக்கு ஒன்று. சாவகாசமாக நடப்பவரின் காலடி மாதிரி. 9 நிமிடம் என்றால் 46. 11 நிமிடம் என்றால் 37. 14 நிமிடத்துக்கு வரும்போது 29. ஒரு பீட்டுக்கு இரண்டு விநாடிக்கும் மேல்.

கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி ஒருமுறை தட்டிப் பாருங்கள். முதலில் விநாடிக்கு ஒரு தட்டு. அதில் எளிதாக முணுமுணுத்துப் பாட முடியும். பிறகு இரண்டு விநாடிக்கு ஒரு தட்டு. இப்போது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மனம் எங்கேயோ போய்விட்டு வருகிறது. அடுத்த தட்டை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, வந்துகொண்டிருக்கும் ஒலிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதி இந்தத் தட்டலிலேயே புரிந்துவிடும்.

இந்த எண்களெல்லாம் சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த நல்ல நடத்துநரும் 103 பாரையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போவதில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் மூன்று ஸ்வரம்

மாலர் இந்தப் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ராவின் பெரும்பகுதியைச் சும்மா உட்கார வைத்துவிடுகிறார். ட்ரம்பெட் இல்லை, ஹார்ன் இல்லை, புல்லாங்குழல் இல்லை, டிரம் இல்லை. வில் வாத்தியங்களும் யாழ் மாதிரியான ஒரு ஹார்ப்பும் மட்டும். இதற்கு முந்தைய மூன்று பகுதிகளில் பித்தளை வாத்தியங்கள் அதிர வைத்த பிறகு வரும் இந்த அமைதியே ஒரு நிகழ்ச்சிதான்.

ஆரம்பத்தை மிக அருகில் போய்ப் பார்க்கலாம். ஸ்வர ஞானம் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிது. இந்தப் பகுதி எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட எஃப் மேஜரில் இருப்பதால் எஃப்-ஐ ச என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நமக்குக் கேட்பது க-வும் ப-வும் மட்டுமே. ச இல்லை. கீழ் வில் வாத்தியங்கள் மெல்லப் பிடித்திருக்க, ஹார்ப் அந்த இரண்டையும் நிதானமாக மீட்டிக்கொண்டிருக்கிறது. ஆதாரம் எது என்று காதுக்குத் தெரியவில்லை. பிறகு முதல் வயலின்கள் மிக மெல்லிசாக நுழைந்து ப, த, நி என்று மூன்று படி ஏறுகின்றன. நி-யில் நிற்கின்றன. அடிக்குரலில் ச வந்துவிட்டது; மேலே வயலின் இன்னும் நி-யை விட மனமில்லாமல் நிற்கிறது. அப்புறம்தான் ச-வுக்கு ஏறி உட்காருகிறது.

அந்தத் தயக்கம்தான் அடாஜியெட்டோவின் உயிர். முழுப் பகுதியிலும் இப்படி ஒரு ஸ்வரம் தன் இடத்துக்குப் போகாமல் தயங்கி நின்று, பிறகு போய்ச் சேரும். திரும்பத் திரும்ப இதுதான் நடக்கும்.

இப்போது டெம்போ இதை என்ன செய்கிறது என்று பாருங்கள். பீட்டுக்கு ஒரு விநாடி என்ற நடையில் அந்த நி ஒரு பெருமூச்சு. மூச்சை இழுத்து, சற்றே பிடித்து, விட்டுவிடுகிறோம். ஏக்கம் இருக்கிறது, ஆனால் அந்த ஏக்கத்துக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். பீட்டுக்கு இரண்டு விநாடி என்றால் அதே நி-யில் வயலின் நின்றுகொண்டே இருக்கிறது. ச வருமா என்ற சந்தேகம் தட்டுகிறது. வரும்போது தீர்வாக வராமல், களைத்துப்போய் விழுந்த மாதிரி வருகிறது. ஸ்கோரில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. ஏக்கம் துக்கமாகிவிட்டது.

மூன்று ஸ்வரம் ஏறும் இடத்தில் மாலர் 'நன்றாகத் தாமதித்து' என்று எழுதியிருக்கிறார். அடுத்த பாரிலேயே 'பழைய நடைக்குத் திரும்பு' என்கிறார். பல பதிவுகளில் அந்தத் தாமதம் மட்டும் நடக்கிறது, திரும்புதல் நடப்பதில்லை. அந்த ஒரு பாரைக் கேட்டாலே மொத்தப் பகுதியும் எத்தனை நிமிடம் ஓடும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

வில், நரம்பு, மூச்சு

வேகம் குறைந்தால் இசை நீளும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ரப்பர் பேண்டை இழுப்பது போல எல்லாம் ஒரே அளவில் நீள்வதில்லை. வாத்தியங்களுக்கு உடம்பு இருக்கிறது.

வயலின் வில்லின் நீளம் நடத்துநருக்காகக் கூடாது. நீண்ட ஸ்வரத்தை ஒரே வில்லில் பிடித்துவிடலாம் என்ற நிலையில் ஒலி தானாகவே பொங்கி அடங்கும். வேகம் பாதியானால் வில்லை மிக மிக மெதுவாக இழுக்க வேண்டும், அல்லது நடுவில் திருப்ப வேண்டும். ஒரு வரிசையில் உள்ள வயலின்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் வில்லைத் திருப்பி, கேட்பவருக்கு மூட்டு தெரியாதபடி செய்வார்கள். அப்போது கிடைப்பது வேறு ஒலி. மனிதக் குரலின் மூச்சு எல்லை அதில் இருக்காது. முடிவில்லாமல் மிதக்கும். ஹைட்டிங்க்கின் பெர்லின் பதிவில் மயக்குவது இந்த மிதப்புதான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தந்தி வாத்தியக்காரர்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த வேகத்தில் இசை துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். மெதுவாக வாசிப்பது எளிது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

ஹார்ப்புக்கு வேறு பிரச்சினை. மீட்டிய நரம்பின் ஒலி அந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கும், வீணைக்கும் அப்படித்தானே. மெங்கெல்பெர்க்கின் நடையில் ஒரு ஒலி தேய்வதற்குள் அடுத்தது வந்து தொட்டுக்கொள்கிறது, ஹார்ப் ஓடை மாதிரி ஓடுகிறது. 14 நிமிட நடையில் ஒவ்வொரு மீட்டலுக்கும் பிறகு ஒரு சிறு வெற்றிடம். ஓடை நின்று, சொட்டுச் சொட்டாக விழத் தொடங்குகிறது.

மூன்றாவது நம்முடைய நினைவு. ஒரு மெலடியை மெலடியாகக் கேட்க வேண்டுமானால் அதன் முதல் ஸ்வரம் மறப்பதற்குள் கடைசி ஸ்வரம் வந்துவிட வேண்டும். அடாஜியெட்டோவின் முதல் வரியை 8 நிமிட நடையில் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். இரண்டு மூன்று மூச்சில் பாடிவிடலாம். 14 நிமிட நடையில் பாடவே வராது. பாட்டாக இருந்தது, சூழ்ந்து நிற்கும் ஒலியாகிவிடும்.

காதல் கடிதமும் சாவு ஊர்வலமும்

மாலர் இந்த சிம்பொனியை 1901, 1902 கோடைகளில் ஆஸ்திரியாவின் வோர்தர்ஸே ஏரிக்கரையில் மையர்னிக் என்ற ஊரில் எழுதினார். இரண்டு கோடைகளுக்கும் நடுவே அவர் வாழ்க்கை மாறியது. 1901 நவம்பரில் ஆல்மா ஷிண்ட்லரைச் சந்தித்தார். 1902 மார்ச் 9 அன்று திருமணம்.

மெங்கெல்பெர்க் தன் ஸ்கோரில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அடாஜியெட்டோ, மாலர் ஆல்மாவுக்குத் தெரிவித்த காதல். கடிதத்துக்குப் பதிலாக ஒரு வார்த்தையும் எழுதாமல் இந்தக் கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். அவள் புரிந்துகொண்டு வரச் சொல்லி எழுதினாள். இருவருமே இதைத் தன்னிடம் சொன்னார்கள் என்பது அதன் சாரம். ஆல்மா தன் நினைவுக் குறிப்புகளில் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அதனால் இதை அப்படியே ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் மெங்கெல்பெர்க் மாலரின் நண்பர். மாலரே 1906இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து இந்த சிம்பொனியை மெங்கெல்பெர்க்கின் ஆர்க்கெஸ்ட்ராவுடன் நடத்தியிருக்கிறார். அந்தப் பதிவின் நடைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது.

அவர் மட்டுமல்ல. மாலரிடம் உதவியாளராக இருந்த புரூனோ வால்ட்டர் 1938 ஜனவரியில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் அடாஜியெட்டோவைப் பதிவு செய்தார். 8 நிமிடத்துக்குள் முடிகிறது. இரண்டு மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைய, யூதரான வால்ட்டர் நாடிழந்தார். 1947இல் நியூயார்க்கில் முழு சிம்பொனியையும் பதிவு செய்தபோதும் அடாஜியெட்டோ ஏழரை நிமிட அளவில்தான் நின்றது.

அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதனால்தான் ஓட்டமாக வாசித்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. மெங்கெல்பெர்க்குக்கு இரண்டு பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் மிச்சம் இருந்தது. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட வலுவான சான்று மாலரின் கச்சேரிகள். அவர் நடத்தியபோது இந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுத்தது என்று அன்றே குறித்து வைத்திருக்கிறார்கள்: 1905இல் ஹாம்பர்க்கில் 9 நிமிடம், 1907இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 7 நிமிடம். அங்கே இசைத்தட்டும் இல்லை, மைக்கும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இசையமைத்தவரே இரண்டு ஊரில் இரண்டு நிமிட வித்தியாசத்தில் வாசித்திருக்கிறார். சரியான டெம்போ என்று ஒற்றை எண் அவருக்கே இருக்கவில்லை.

பிறகு எப்படி இது இவ்வளவு நீண்டது? 1968 ஜூன் 8 அன்று நியூயார்க் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இதை நடத்தினார். 1971இல் லூகினோ விஸ்கோன்ட்டி, தாமஸ் மானின் கதையை வைத்து எடுத்த 'டெத் இன் வெனிஸ்' படத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பின்னணியாக ஓடவிட்டார். கடற்கரையில் ஒரு மனிதன் செத்துப்போகும் காட்சிக்கும் இதுதான். அதன்பிறகு உலகத்தின் காதில் அடாஜியெட்டோ சாவோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பழியை முழுவதுமாகப் படத்தின் மேல் போடுவது நியாயமாகாது. பெர்ன்ஸ்டைனின் 1963 பதிவே 11 நிமிடம். ஹெர்மன் ஷெர்ஹென் 1964இல் பிலடெல்ஃபியாவில் நடத்திய கச்சேரிப் பதிவு 15 நிமிடத்தைத் தொடுகிறது. வேகம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது; சடங்கும் படமும் அதற்கு ஓர் அர்த்தத்தைக் கொடுத்துவிட்டன.

எனக்கு ஆச்சரியம் தருவது வேறொன்று. ஹைட்டிங்க் இதே சிம்பொனியை 1970இல் ஒருமுறை பதிவு செய்திருக்கிறார், மெங்கெல்பெர்க்கின் அதே கான்செர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து. அதில் அடாஜியெட்டோ பத்தரை நிமிட அளவில் முடிகிறது. அதே ஆர்க்கெஸ்ட்ரா 44 வருடத்தில் மூன்று நிமிடத்துக்கும் மேல் மெதுவானது. அதே மனிதர் அடுத்த 18 வருடத்தில் இன்னும் மூன்று நிமிடத்துக்கும் மேல் மெதுவானார். ஹெர்பர்ட் ஃபான் காராயனின் 1973 பதிவு கிட்டத்தட்ட 12 நிமிடம். 1995இல் 'அடாஜியோ' என்ற தொகுப்பு சிடியின் முதல் பாடலாக அது வந்தபோது, சிம்பொனியே கேட்டிராத லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்கு அந்த நடைதான் போய்ச் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு அடாஜியெட்டோ என்றால் அந்த வேகம்தான்.

கடிகாரம் சொல்லாத விஷயம்

இதுவரை நிமிடக் கணக்காகவே பேசிவிட்டேன். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

மெங்கெல்பெர்க்கும் வால்ட்டரும் நிமிடக் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. கேட்டால் வேறு வேறு ஊர். மெங்கெல்பெர்க் டெம்போவைக் களிமண் மாதிரி பிசைகிறார். ஏறும் ஸ்வரங்களில் தங்குகிறார், உச்சிக்குப் போகும்போது முன்னே தள்ளுகிறார், இறங்கும்போது மறுபடி தளர்த்துகிறார். வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிக்கொண்டு போகின்றன. நம் ஊர் வயலின் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சறுக்கல் அந்நியமாகவே படாது. வால்ட்டர் அவ்வளவு வளைப்பதில்லை. அவருடைய வியன்னா பதிவு ஒரே மூச்சாகப் போகிறது, தெளிந்த நீரோட்டம் மாதிரி. இப்படி அடிப்படை நடைக்குள்ளேயே நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பதை ருபாட்டோ என்பார்கள். இத்தாலிய மொழியில் 'களவு போனது' என்று பொருள். ஓரிடத்தில் நேரத்தைத் திருடி இன்னோரிடத்தில் கொடுப்பது.

மாலரின் ஸ்கோரே இதைத்தான் கேட்கிறது. மேலே 'மிக மெதுவாக' என்று எழுதியிருக்கிறார். 14 நிமிடக்காரர்கள் கைகாட்டும் ஆதாரம் அதுதான். ஆனால் சில பார்களுக்குள்ளேயே ஜெர்மனில் 'நிக்ட் ஷ்லெப்பென்' என்கிறார். இழுக்காதே என்று பொருள். ஆரம்பத்தைவிடச் சற்று ஓட்டமாக என்கிறார். பிறகு முன்தள்ளி என்கிறார், அப்புறம் அடக்கி என்கிறார். நடுப்பகுதியில் ஹார்ப் ஒதுங்கிக்கொள்ளும், வில் வாத்தியங்கள் தவிக்கத் தொடங்கும். ஹார்ப் திரும்பி வரும்போது முதல் மெலடியும் கூடவே வரும். இந்த ஏற்ற இறக்கமெல்லாம் தெரிய வேண்டுமானால் ஆரம்பத்திலேயே அடிமட்டத்துக்குப் போய்விடக் கூடாது. ஏற்கெனவே தவழ்ந்துகொண்டிருப்பவரிடம் 'இன்னும் மெதுவாக' என்றால் அவர் என்ன செய்வார்?

பெயரையும் பாருங்கள். அடாஜியெட்டோ என்றால் குட்டி அடாஜியோ.

மெதுவான கட்சிக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1901 கோடையில் மாலர், ரூக்கெர்ட்டின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்தார். உலகத்துக்கு நான் தொலைந்துபோனேன், என் காதலிலும் என் பாட்டிலும் தனியே வாழ்கிறேன் என்கிற கவிதை. அந்தப் பாட்டின் மெலடியும் அடாஜியெட்டோவின் மெலடியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தப் பாட்டுக்குள் அசைவற்ற ஒரு தனிமை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அடாஜியெட்டோவுக்கு வருபவர், இதிலும் அந்த அசைவின்மையைத் தேடினால் தப்பென்று சொல்ல முடியாது.

பக்கத்து அறையில் என்ன நடக்கிறது

சிம்பொனியின் ஒரு பகுதி தனியாக நிற்பதில்லை. அதன் டெம்போ பக்கத்துப் பகுதிகளையும் மாற்றிவிடும். தொகுப்பு சிடிகளில் அடாஜியெட்டோவை மட்டும் கேட்பவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

ஐந்தாம் சிம்பொனி தொடங்குவதே சாவு ஊர்வலத்தில்தான். ஒற்றை ட்ரம்பெட் முழங்க, முதல் பகுதி முழுவதும் ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறது. துக்கம் அங்கேயே ஆகிவிட்டது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வருவதுதான் இந்த சிம்பொனியின் பாதை. நான்காவது பகுதியிலும் மறுபடி சாவு வீட்டுக்குப் போனால் அந்தப் பாதை வளைந்துவிடுகிறது. குறுகிய பதிவுகளின் பக்கம் நான் சாய்வதற்கு, காதல் கடிதக் கதையைவிட இதுதான் பெரிய காரணம்.

அடுத்து, மாலர் அடாஜியெட்டோவையும் கடைசிப் பகுதியான ரோண்டோவையும் சேர்த்து மூன்றாம் பாகம் என்று ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார். ரோண்டோ சுமார் 15 நிமிடம் குதூகலமாக ஓடும். அடாஜியெட்டோ 8 நிமிடம் என்றால் அது ரோண்டோவின் வாசல். 14 நிமிடம் என்றால் வாசலும் வீடும் ஒரே அளவு.

இன்னும் அழகான ஒன்று அந்த ரோண்டோவுக்குள் இருக்கிறது. அடாஜியெட்டோவின் நடுப்பகுதியில் தவித்த அதே மெலடி, ரோண்டோவில் துள்ளலான வேகத்தில், சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறது. ஒருமுறை மட்டும் அல்ல, திரும்பத் திரும்ப. டெம்போ மாறினால் ஒரு மெலடியின் அர்த்தம் எப்படி மாறும் என்று மாலரே ஸ்கோரில் எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் அது அதே மெலடிதான் என்று காது கண்டுபிடிக்க வேண்டுமே. வால்ட்டரின் 1947 பதிவில் எனக்கு உடனே தெரிந்தது. சந்தையில் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. ஹைட்டிங்க்கின் பதிவில் பல வருடம் அந்த உறவே எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வேகங்களுக்கும் நடுவே தூரம் அவ்வளவு அதிகம்.

இந்தக் கதை மாலரோடு நிற்பதில்லை. சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியை மிராவின்ஸ்கி லெனின்கிராட் ஆர்க்கெஸ்ட்ராவுடன் 1960இல் 10 நிமிடத்துக்குள் வாசித்தார்; பெர்ன்ஸ்டைன் 1986இல் நியூயார்க்கில் 17 நிமிடம் எடுத்துக்கொண்டார். முதலாவதில் துக்கம் தாங்காமல் துடிக்கிறது, இரண்டாவதில் துடிக்கக்கூடத் தெம்பில்லை. இரண்டையும் கேளுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ஹைட்டிங்க்கின் 1988 பதிவை நான் ஒதுக்கிவிடவில்லை. இன்றும் சில இரவுகளில் அது வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த இசை என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால், வால்ட்டரின் 1938 பதிவைத்தான் முதலில் கொடுப்பேன். பழைய பதிவின் இரைச்சல் தொந்தரவாக இருந்தால் ஜான் பார்பிரோலி 1969இல் லண்டனில் செய்த பதிவு இருக்கிறது. பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, நிதானமும் உண்டு, மூச்சும் விடுகிறது.

முழுவதையும் ஒப்பிட்டுக் களைத்துப்போக வேண்டாம். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் வால்ட்டரிடமும் ஹைட்டிங்க்கிடமும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஹார்ப்பின் ஒரு மீட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன கேட்கிறது? அந்த நி, ச-வுக்கு ஏறும்போது உங்கள் மூச்சு எங்கே இருக்கிறது? அதே ஒரு நிமிடத்தில் வால்ட்டரின் வயலின்கள் மெலடியில் எவ்வளவு தூரம் போய்விட்டன, ஹைட்டிங்க்கின் வயலின்கள் எங்கே இருக்கின்றன?

அதன்பிறகு ஒருநாள் முழு சிம்பொனியின் பதிவு ஒன்றை எடுத்து, மூன்றாம் பாகத்தை முழுவதாகக் கேளுங்கள். அடாஜியெட்டோவின் கடைசி ஒலி தேய்ந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடாதீர்கள். அடுத்த நொடியில் ஒரே ஒரு ஹார்ன் ஒற்றை ஸ்வரத்தை ஊதும். ஹார்ப் ஆரம்பத்தில் மீட்டிக்கொண்டிருந்ததே, அந்த க-தான் அது. வயலின்கள் அதை அப்படியே எதிரொலிக்கும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகக் கண் விழிக்கும்.